பயிலரங்கா, ஏற்காடு முகாமா, ஓராண்டுத் துணையா? மாற்றத்துக்குக் குழு அமைத்த கல்லூரிகளுக்கு ஓர் ஒப்பீடு

சேலம், நாமக்கல், தருமபுரி பக்கத்துக் கல்லூரிகளில் வேலை செய்யும் நண்பர்கள் ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் கேட்கும் கேள்வி இது. முதல்வர் ஆறேழு பேரைக் குழுவாகப் போட்டிருக்கிறார். கற்பித்தலும் மாணவர் ஆதரவும் மேம்பட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். கையில் கொஞ்சம் நிதியும் இருக்கிறது. இந்தக் குழுவைத் தயார்செய்ய எந்த வழி நல்லது? கல்லூரிக்கே ஒரு வல்லுநரை அழைப்பதா, ஆசிரியர்களைப் புத்தொளிப் பயிற்சிக்கு அனுப்புவதா, எல்லோரும் ஏற்காட்டில் இரண்டு நாள் தங்கிப் பேசுவதா, அல்லது ஆண்டு முழுக்கக் கூடவே வரும் ஒரு துணையாளரைப் பிடிப்பதா?

நான்கிலும் நல்லது உண்டு. ஆனால் நான்கும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சான்றிதழும் புகைப்படமும் வந்து, வகுப்பறையில் ஒன்றும் மாறாமல் போன குழுக்களைப் பார்த்தால், பெரும்பாலும் வழி மோசமாக இருந்திருக்காது. அந்தக் கல்லூரியின் அப்போதைய தேவைக்கு அது பொருந்தாமல் போயிருக்கும். அதனால் அளவுகோல்களை முதலில் பேசிவிடுவோம்.

## எதை வைத்து முடிவு செய்வது?

முதல் அளவுகோல், குழு மொத்தமாகக் கலந்துகொள்ள முடியுமா என்பது. ஒருவர் போய்க் கற்று வந்து மற்றவர்களுக்குச் சொல்வது என்பது காகிதத்தில் சுலபம். திரும்பி வந்தவர் துறைக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசுவார், எல்லோரும் தலையாட்டுவார்கள், அதோடு சரி.

இரண்டாவது, பேசப்படும் பிரச்சினை நம் கல்லூரியுடையதா என்பது. "மாணவர் மையக் கற்பித்தல்" என்பது தலைப்பு மட்டும்தான். "பி.எஸ்சி. முதலாமாண்டில் துணைப்பாடக் கணிதத்தில் அரியர் ஏன் குவிகிறது?" என்பதுதான் பிரச்சினை. தமிழ் வழியில் பள்ளி முடித்த பிள்ளை, முதல் பருவத்திலேயே ஆங்கிலத்தில் விடை எழுத வேண்டியிருக்கிறது. வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அந்தப் பிள்ளைதான். யாரிடம் என்ன கேட்பது என்றே தெரியாது. இதைத் தொடாத பயிற்சி எவ்வளவு தரமானதாக இருந்தாலும் நமக்கு உதவாது.

மூன்றாவது, ஆறு மாதம் கழித்து இதைப் பற்றி யார் கேட்பார்கள் என்பது. கேட்க ஆள் இல்லாத திட்டம் அக மதிப்பீட்டுத் தேர்வு வந்ததும் நின்றுவிடும்.

நான்காவது, கணக்கில் எழுதப்படாத செலவு. பயண மசோதாவில் வருவது சிறு பகுதிதான். ஒருவர் வெளியே போனால் அவருடைய வகுப்பை யார் எடுப்பது? தொகுப்பூதியத்தில் இருக்கும் கௌரவ விரிவுரையாளர் இரண்டு நாள் வந்தால் அது பணிநாளாகக் கருதப்படுமா, சம்பளம் பிடிக்கப்படுமா? சிறு குழந்தை உள்ள ஆசிரியை இரவு தங்க முடியுமா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் வழியைத் தேர்ந்தெடுத்தால், வர வசதி இருப்பவர்களின் குழுவாக அது சுருங்கிவிடும். பெரும்பாலும் மூத்த ஆண் ஆசிரியர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். முதலாமாண்டு வகுப்புகளை அதிகம் எடுக்கும் இளைய ஆசிரியர்களும் கௌரவ விரிவுரையாளர்களும் வெளியே நிற்பார்கள்.

ஐந்தாவது அளவுகோலைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்: ஆசிரியர் அல்லாதவர்களும் மாணவர்களும் அந்த அறையில் உட்கார இடம் இருக்கிறதா? மாணவர் ஆதரவு என்று நாம் சொல்வதில் பாதி, அலுவலக ஜன்னலில்தான் நடக்கிறது. 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண், 2024-இல் வந்த தமிழ்ப்புதல்வன் ஆகிய இரண்டு திட்டங்களிலும் மாதம் 1,000 ரூபாய் மாணவர் வங்கிக் கணக்குக்கு வருகிறது. கணக்கோடு ஆதார் இணையாமல் நின்றாலோ கல்வி உதவித்தொகை தாமதமானாலோ, அந்தச் செய்தி முதலில் தெரிவது எழுத்தருக்கு. ஒரு கல்லூரிக் கூட்டத்தில், மூன்றாவது வாரத்திலிருந்து வராத ஒரு மாணவியைப் பற்றி ஆசிரியர்கள் "ஆர்வம் இல்லை" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த எழுத்தர் குறுக்கிட்டார். "ஆர்வம் எல்லாம் இருக்குதுங்க சார். ஸ்காலர்ஷிப் வரலைங்க. பஸ்ஸுக்குக் காசில்லாம செவ்வாய்ப்பேட்டையில கொலுசுப் பட்டறைக்குப் போயிட்டிருக்குதுங்க அந்தப் பொண்ணு." அதன் பிறகு அந்தக் கூட்டம் வேறு திசையில் போனது. வெள்ளிக் கொலுசுப் பட்டறையும் விசைத்தறியும் நம் மாணவர்களின் இன்னொரு கால அட்டவணை. அதை அறிந்தவர் குழுவில் இல்லையென்றால், திட்டம் நன்றாக இருந்தும் ஆள் மாறிப் போய்ச் சேரும்.

## வழி 1: கல்லூரியிலேயே பயிலரங்கு

செலவு குறைவு, ஏற்பாடு சுலபம், அரங்கம் நிறைய ஆசிரியர்கள். ஒரு குறிப்பிட்ட திறனைக் கற்க இது போதும். கூகுள் கிளாஸ்ரூமில் பாடம் ஏற்றுவது, வினாத்தாள் வடிவமைப்பு, பாட விளைவுகளை எழுதுவது போன்ற வேலைகளுக்கு இதைவிடப் பெரிய ஏற்பாடு வேண்டாம்.

மாற்றத்தைத் தொடங்க மட்டும் இதை நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து. வந்தவர் அன்று மாலையே போய்விடுவார். கல்லூரி வளாகத்துக்குள்ளேயே நடப்பதால், நடுவில் ஆளாளுக்கு அழைப்பு வரும். துறைத்தலைவரைத் தேடி ஒரு மாணவர், தேர்வுக் கட்டணப் பட்டியலோடு ஒருவர் என்று காலை அமர்வு கரைந்துவிடும். இதன் மறைமுகச் செலவு ஒரு நாள் வகுப்பு மொத்தமும் நின்றுபோவது. அதைவிடப் பெரியது, "இதைத்தான் செய்துவிட்டோமே" என்ற நிறைவு. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்-இன் மதிப்பீட்டுக்கான ஆண்டறிக்கையில் ஒரு வரி சேர்ந்ததும் பிரச்சினை தீர்ந்ததுபோல ஆகிவிடுகிறது.

## வழி 2: ஆசிரியர்களை வெளிப் பயிற்சிக்கு அனுப்புவது

2023-இல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சித் திட்டம் வந்தபோது, முன்பு மனிதவள மேம்பாட்டு மையங்கள் என்று இருந்தவை அதன்கீழ் வந்தன. கோவை பாரதியார், திருச்சி பாரதிதாசன், மதுரை காமராசர், சென்னைப் பல்கலைக்கழகங்களில் இவை பல பத்தாண்டுகளாக இயங்கிவருகின்றன. இப்போது பல படிப்புகள் இணையவழியிலும் கிடைக்கின்றன.

பாடத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள விரும்பும் ஆசிரியருக்கும், பதவி உயர்வுக்குப் பயிற்சி தேவைப்படுபவருக்கும் இதுவே சரியான வழி. அதில் தயங்க ஒன்றுமில்லை. மற்ற மாநில ஆசிரியர்களோடு பேசும் வாய்ப்பும் மதிப்புள்ளது.

ஆனால் பலன் முதலில் தனிமனிதருக்குப் போகிறது. திரும்பி வருபவர் தனி ஆளாக வருகிறார். இரண்டு வாரப் படிப்பு என்றால் அத்தனை நாளும் அவருடைய வகுப்புகளைத் துறையில் மற்றவர்கள் சுமக்கிறார்கள். அவர் உற்சாகமாகத் திரும்பும்போது இவர்கள் களைத்திருப்பார்கள். புதிய யோசனை சொல்ல இதைவிடப் பொருந்தாத நேரம் இல்லை. எழுத்தருக்கும் நூலகருக்கும் மாணவருக்கும் இதில் இடமும் இல்லை. இந்த வழியில்தான் போக வேண்டும் என்றால், வெவ்வேறு துறைகளிலிருந்து இரண்டு பேரை ஒரே படிப்புக்கு அனுப்புங்கள். திரும்பியதும் இருவரும் சேர்ந்து ஒரே ஒரு சிறு முயற்சியை ஒரு பிரிவில் செய்து பார்க்க முன்கூட்டியே அனுமதி கொடுத்துவிடுங்கள்.

## வழி 3: ஏற்காட்டில் இரண்டு நாள் தங்கிப் பேசுவது

இதை "சுற்றுலா" என்று ஒதுக்குபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பிரிட்டனில் உயர்கல்வி அகாதெமி நடத்திய சேஞ்ச் அகாதெமி என்ற திட்டத்தில் பல்கலைக்கழகங்கள் தனி ஆட்களை அனுப்பாமல் குழுக்களையே அனுப்பின. ஓராண்டு வேலை, அதன் நடுவே சில நாள் ஒரே இடத்தில் தங்கிச் செய்யும் முகாம் என்பது அதன் அமைப்பு. வேலைச் சூழலை விட்டு விலகி, ஒரே பிரச்சினையை ஒரே குழு தொடர்ந்து பேசினால்தான் மேலோட்டமான பேச்சு தாண்டும் என்பதே அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

சேலம் கல்லூரிகளுக்கு அந்த வசதி மலையடிவாரத்திலேயே இருக்கிறது. நகரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்றரை மணி நேரத்துக்குள் மேலே போய்விடலாம், அவசரம் என்றால் அன்றே இறங்கிவிடலாம். ஊட்டி, கொடைக்கானல் போனால் பயணத்திலேயே ஒரு நாள் போய்விடும்.

பலன் வருவது எங்கே என்றால், இரண்டாம் நாள் காலையில். முதல் நாள் எல்லோரும் தங்கள் பதவியிலிருந்துதான் பேசுவார்கள். துறைத்தலைவர் துறைத்தலைவராகவும் உதவிப் பேராசிரியர் உதவிப் பேராசிரியராகவும் இருப்பார்கள். இரவு சேர்ந்து சாப்பிட்டு, குளிரில் கொஞ்ச தூரம் ஏரிப்பக்கம் நடந்துவிட்டு வந்தபின், மறுநாள் காலை பேச்சு மாறும். "மேடம், உண்மையைச் சொன்னா, மென்டர் பதிவேட்டை நான் கடைசி வாரத்துலதான் உட்கார்ந்து எழுதுறேன்" என்று ஒருவர் சொல்வார். இன்னொருவர் தானும் அப்படித்தான் என்பார். ஒவ்வோர் ஆசிரியரும் தன் பொறுப்பில் உள்ள மாணவர்களைச் சந்தித்துக் குறிப்பெழுத வேண்டிய அந்தப் பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தால் எல்லாப் பக்கத்திலும் ஒரே மையில் "நன்றாகப் படிக்கிறார்", "வருகையை மேம்படுத்த அறிவுறுத்தப்பட்டது" என்றே இருக்கும். யாரையும் குற்றம் சொல்லாமல் அதை மேசையில் வைத்துப் பேச முடிவது பெரிய விஷயம். இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்களை ஒரு ஆசிரியர் எப்போது, எங்கே உட்கார்ந்து சந்திப்பது என்ற உண்மையான கேள்வி அப்போதுதான் எழும். கல்லூரிக் கூட்ட அறையில் அது எழுந்து நான் பார்த்ததில்லை.

கூடவே எடுத்துப்போக வேண்டியவை: பாடவாரியாக அரியர் பட்டியல் (மாணவர்வாரியாக அல்ல), முதல் மணி நேர வருகைப் பதிவு, முதலாமாண்டில் இடைநின்றவர்களின் ஊர்ப்பெயர்கள், நிலுவையில் உள்ள உதவித்தொகைப் பட்டியல். இவை இல்லாமல் போனால் பேச்சு முழுக்க அபிப்பிராயமாகவே இருக்கும். சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி, மாணவர் சேர்க்கை நாளிலிருந்து முதல் பருவத் தேர்வு வரை ஒரு முதலாமாண்டு மாணவர் எங்கெங்கே, யார் யாரிடம் போக வேண்டியிருக்கிறது என்று வரிசையாக எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளில் எழுத்தரின் கையெழுத்துதான் அதிகம் இருக்கும்.

செலவுக் கணக்கைப் பார்ப்போம். மே மாதம் கோடை விழாக் கூட்டம். அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை ஏறியிருக்கும். சனி, ஞாயிறுகளும் அப்படித்தான், பெங்களூருப் பக்கத்து வண்டிகளால் நிறைந்திருக்கும். வார நாளில் போனால் வாடகை இறங்கும், ஆனால் வகுப்பு போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மலைச்சாலையில் மண் சரிவதும் உண்டு, அந்த மாதங்களில் பல்கலைக்கழகத் தேர்வும் வந்துவிடும். ஆகவே ஜூன் கடைசியில் அல்லது பொங்கல் முடிந்த கையோடு வார நாள் இரண்டு என்பது பொருத்தம். இரவு தங்க முடியாதவர்களுக்காகக் காலையில் ஏறி மாலையில் இறங்க ஒரு வண்டியைத் தனியாக ஏற்பாடு செய்யுங்கள். இரண்டாம் நாள் காலை அவர்கள் வந்து சேர்ந்தபிறகே முக்கிய முடிவுகளை எடுங்கள். இதை விட்டுவிட்டால் முடிவெல்லாம் இரவுச் சாப்பாட்டு மேசையில் முடிந்திருக்கும். ஆசிரியைகளுக்குத் தகவல் மட்டும்தான் கிடைக்கும்.

இந்த வழியின் பலவீனம், இறங்கி வந்த பிறகு. மேலே எழுதிய தாள் சுருட்டி அலமாரியில் போய்விடும் ஆபத்து எப்போதும் உண்டு.

## வழி 4: ஆண்டு முழுக்க ஒரு துணையாளரோடு

வேறொரு கல்லூரியில் இதுபோன்ற வேலையைச் செய்து பழகிய ஒருவர் மாதம் ஒருமுறை வருகிறார். அவர் பாடம் நடத்துவதில்லை. போன மாதம் என்ன செய்வதாகச் சொன்னீர்கள், செய்தீர்களா, என்ன கண்டீர்கள், அடுத்து என்ன என்று கேட்கிறார். இடையில் குழு வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் கூடுகிறது. ஒரே ஒரு பிரச்சினை, ஒரே ஒரு பிரிவு, ஒரு பருவம்.

எப்படிப் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். முதல் மணி நேர வருகை குறைவு என்பது பிரச்சினை. பதிவேட்டை ஊர்வாரியாகப் பிரித்துப் பார்த்தால், நகரத்து மாணவர்கள் வந்துவிடுகிறார்கள். ஏற்காட்டு மலைக்கிராமங்களிலிருந்தும் வாழப்பாடி உட்கிராமங்களிலிருந்தும் வருபவர்கள்தான் தவறுகிறார்கள். காரணம் சோம்பலே இல்லை, கிராமத்திலிருந்து வரும் முதல் பேருந்தின் நேரம் அப்படி. அக மதிப்பீட்டுத் தேர்வையும் ஆய்வகத்தையும் முதல் மணியிலிருந்து மூன்றாம் மணிக்கு நகர்த்துவது குழுவின் கையில் இருக்கும் மாற்றம். அதற்குப் பைசா செலவில்லை. பேருந்து நேரத்தை மாற்றக் கோரி மனு கொடுப்பது இரண்டாவது வேலை, அது நடக்கும்போது நடக்கட்டும். பெரும்பாலான கலை அறிவியல் கல்லூரிகளில் 25 மதிப்பெண் அக மதிப்பீட்டுக்குப் போகிறது. அந்தத் தேர்வைத் தவறவிட்டே ஒரு பிள்ளை பின்தங்குகிறது என்றால், இந்த நகர்த்தல் சின்ன விஷயம் அல்ல. அடுத்த மாதம் துணையாளர் வந்து வருகைப் பதிவைக் கேட்பார். மாறியதா, மாறவில்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கணித அரியரும் இப்படித்தான். முதல் மூன்று வாரம் பாடத்தை வேகமாக ஓட்டாமல், கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்துச் சொல்லி, விடையை எழுதிப் பழக்கி, ஒரு பிரிவில் மட்டும் செய்து பாருங்கள். பலன் தெரிந்தால் பக்கத்துப் பிரிவு ஆசிரியரே வந்து கேட்பார். சுற்றறிக்கை போட்டு எல்லோரையும் செய்யச் சொல்வதைவிட அது உறுதியானது.

இதன் விலை பணமல்ல, நேரம். ஷிஃப்ட் முறையில் ஓடும் அரசுக் கல்லூரியில் காலை ஷிஃப்ட் ஆசிரியரும் மதிய ஷிஃப்ட் ஆசிரியரும் சந்திக்கும் நேரமே அரை மணி. முதல்வர் கால அட்டவணையிலேயே ஒரு மணி நேரத்தை ஒதுக்கித் தராவிட்டால் இந்த வழி நிச்சயமாகத் தோற்கும். இன்னொரு மறைமுகச் செலவு, மனச்சோர்வு. மூன்றாம் மாதம் வாக்கில் "ஒன்றும் நகரவில்லையே" என்று தோன்றும். மாணவர்கள் குடும்பக் கஷ்டங்களை மனம் திறந்து சொல்லத் தொடங்கும்போது ஆசிரியர்களுக்கும் பாரம் ஏறும். மனநல ஆலோசகர் இல்லாத கல்லூரி என்றால், 24 மணி நேரமும் தமிழிலும் பேசக்கூடிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-ஐக் குழு முதலிலேயே கையில் வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஆசிரியரே தாங்க வேண்டியதில்லை.

## பக்கத்தில் பக்கமாக

| அளவுகோல் | பயிலரங்கு | வெளிப் பயிற்சி | ஏற்காடு முகாம் | ஓராண்டுத் துணை |
|---|---|---|---|---|
| முழுக்குழு பங்கேற்பு | உண்டு, ஆனால் கவனம் சிதறும் | இல்லை | உண்டு, இரவு தங்கல் தடை | உண்டு |
| நம் பிரச்சினையைப் பேசுமா | அபூர்வம் | இல்லை | பதிவேடுகளை எடுத்துப்போனால் | அதுவே வேலை |
| எழுத்தர், மாணவர் | பெயரளவில் | இடமில்லை | அழைத்தால் நன்றாகப் பேசுவர் | இயல்பாகச் சேர்வர் |
| ஆறு மாதம் கழித்து | யாரும் கேட்பதில்லை | தனிநபரைப் பொறுத்தது | குழுவைப் பொறுத்தது | துணையாளர் கேட்பார் |
| மறைந்திருக்கும் விலை | ஒரு நாள் வகுப்பு, போலி நிறைவு | துறையினர் சுமை | சீசன் வாடகை, விடுபடும் ஆசிரியைகள் | வாராந்திர நேரம், சோர்வு |

## யாருக்கு எது?

முதல்வர் கால அட்டவணையில் நேரம் தருவார், குழுவும் ஓராண்டு கலையாது என்றால், யோசிக்கவே வேண்டாம், நான்காவது வழி. நிதி மிச்சம் இருந்தால் அதன் தொடக்கத்தில் ஏற்காட்டு முகாமைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முகாமில் பிரச்சினையைத் தேர்ந்தெடுத்து, கீழே வந்து ஓராண்டு வேலை செய்வது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் நான் பார்த்தவற்றில் நிலைத்தது.

குழுவில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் சரியாக அறியாதவர்கள், துறைகளுக்குள் பழைய மனக்கசப்பு உண்டு என்றால் முகாமை முதலில் வையுங்கள். அது இல்லாமல் மாதக் கூட்டம் தொடங்கினால் பழைய கணக்கைத் தீர்க்கும் இடமாக அது மாறிவிடும்.

1857-இல் தொடங்கிய சேலம் அரசு கலைக் கல்லூரி போன்ற பெரிய, பழைய அரசு நிறுவனங்களில் இடமாறுதல் கலந்தாய்வு வந்தால் குழுவில் பாதி பேர் போய்விடக்கூடும். அங்கே ஓராண்டுத் திட்டத்தை ஒரு பருவத் திட்டமாகச் சுருக்கி, எழுத்தில் எல்லாவற்றையும் வைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது. 1997-க்குப் பிறகு பெரியார் பல்கலைக்கழகத்தின்கீழ் பெருகிய சுயநிதிக் கல்லூரிகளில் பிரச்சினை வேறு. அங்கே நிர்வாகம் முகாமுக்குச் சுலபமாகப் பணம் தரும், ஆசிரியருக்கு வாரம் ஒரு மணி நேரம் தராது. அப்படியானால் முகாமுக்கான பணத்தை வாங்கும் அன்றே, அந்த ஒரு மணி நேரத்தையும் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

நாக் குழு அந்த ஆண்டே வருகிறது என்றால் எதையும் பெரிதாகத் தொடங்காதீர்கள். கோப்பு வேலை எல்லோர் நேரத்தையும் விழுங்கிவிடும். தேவையான திறனுக்கு ஒரு பயிலரங்கு, இளையவர்களுக்கு வெளிப் பயிற்சி, அவ்வளவு போதும்.

துணையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய பட்டங்களைப் பார்க்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் கல்லூரியில் நீங்கள் மாற்ற முயன்று நடக்காமல் போனது எது? எங்கள் எழுத்தரையும் இரண்டு மாணவர்களையும் முதல் கூட்டத்துக்கே அழைக்கச் சம்மதமா? வராத மாதத்துக்கு என்ன செய்வீர்கள்? முதல் கேள்விக்குப் பதில் இல்லாதவரையும், இரண்டாவதற்குத் தயங்குபவரையும் விட்டுவிடுங்கள். மூன்றாவதற்கு "போனில் பேசிக்கொள்ளலாம்" என்று சொல்பவரிடம், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு என்று அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.